பிரித்துப் போட்ட யெஸ்டி, வற்றிப்போன ஆர்வம்

பழைய மோட்டார் சைக்கிளுக்கு உயிர் கொடுக்கப் புறப்படுகிறவர்களில் பலர் பாதி வழியில் சோர்ந்துபோகிறார்கள். மீண்டு வருகிறவர்கள் எதைக் கண்டுபிடிக்கிறார்கள்?

கழற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாட்டுவதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன.

பெங்களூர், புனே, கொச்சி, கொல்கத்தா என்று எந்த நகரமானாலும் சரி, ஏதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், தூணுக்குப் பின்னால், நீலத் தார்ப்பாய் போர்த்திய ஓர் உருவம் நின்றுகொண்டிருக்கும். தார்ப்பாயை விலக்கினால் இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். இன்ஜின் மாடியில் பரணில், சாக்கில் கட்டிக் கிடக்கிறது. சைலன்சர்கள் கட்டிலுக்கு அடியில். போல்ட்டும் நட்டும் ஊறுகாய் ஜாடிகளில். மூன்று வருடத்துக்கு முன் மிகுந்த உற்சாகத்தோடு தொடங்கிய வேலை. அப்பா ஓட்டிய வண்டி, அல்லது கல்லூரிக் காலத்தில் வாங்க ஆசைப்பட்டு முடியாமல்போன வண்டி. இன்று அந்தப் பக்கம் போவதையே உரிமையாளர் தவிர்க்கிறார். வீட்டில் யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எரிச்சல் வருகிறது.

இதை வெறும் பொழுதுபோக்கின் தோல்வி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இழப்பு சிறியதல்ல. பிரிக்காத பழைய வண்டிக்குச் சந்தையில் விலை உண்டு. பிரித்துப்போட்டு, பாதிப் பாகங்கள் தொலைந்துபோன வண்டிக்குக் காயலான் கடைக்காரர் எடை போட்டுத்தான் விலை சொல்வார். அதுவும் அந்த வண்டி ஜாவா அல்லது யெஸ்டியாக இருந்தால் விஷயம் இன்னும் தீவிரம். அவற்றைச் செய்த தொழிற்சாலையே இன்று இல்லை.

மைசூரின் பிள்ளை

செக்கோஸ்லோவாகியாவில் 1929-ல் பிறந்த பெயர் ஜாவா. ஆயுதத் தொழிற்சாலை அதிபர் ஃபிரான்டிஷெக் யானெச்செக், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து ஜாவா ஆயிற்று. அந்த வண்டியை இந்தியாவில் தயாரிக்க ருஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் மைசூரில் தொடங்கிய நிறுவனம் ஐடியல் ஜாவா. 1961-ல் உற்பத்தி தொடங்கியது. 1970-களில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. வண்டியின் அடிப்படை அதேதான்: 250 சி.சி., ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள். ஸ்டார்ட் செய்யும் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. உள்பக்கமாக அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், இறக்கிவிட்டால் கியர். புதிதாக ஓட்டுகிறவர் கிக்கர் எங்கே என்று தேடுவதைப் பார்த்துச் சிரிப்பது யெஸ்டிக்காரர்களின் பழைய வேடிக்கை.

1978-ல் வந்த ரோட்கிங் மாடல் சாலையிலும் பந்தயக் களத்திலும் பெயர் வாங்கியது. ஆனால் 1980-களின் நடுவில் காற்று திசை மாறியது. ஜப்பானியக் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் வரிசையாக வந்தன. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடியது. எண்ணெய் கலக்க வேண்டிய தேவையும் இல்லை. பெட்ரோலைக் குடித்துப் புகையைக் கக்கும் யெஸ்டி அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் நெருக்கின. 1996-ல் மைசூர் ஆலை மூடப்பட்டது.

மூடிய பிறகுதான் யெஸ்டிக்குக் காதலர்கள் பெருகினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஜாவா-யெஸ்டி தினமாகப் பல நகரங்களில் கொண்டாடப்படுகிறது. மஹிந்திராவின் ஆதரவோடு கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவா பெயரையும், 2022 ஜனவரியில் யெஸ்டி பெயரையும் புதிய வண்டிகளில் கொண்டுவந்தது. ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வண்டிகள். அவற்றின் பிஸ்டனோ கிராங்க்கோ பரணில் கிடக்கும் பழைய இன்ஜினுக்குப் பொருந்தாது. பழைய வண்டியின் கதி பழைய வண்டிக்காரர் கையில்தான்.

எங்கே ஒழுகுகிறது?

இந்த வண்டியின் குணம் தெரிந்தால், அதை எடுத்தவர் ஏன் சோர்ந்துபோகிறார் என்பதும் பாதி புரிந்துவிடும்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறை ஒரு பம்ப் போல வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறையில் அழுத்தம் குறைந்து, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் கீழே வரும்போது அதே கலவை சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. அறைக்குள் வேறு வழியாகக் காற்று புகாமல் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். அதற்காக கிராங்க்கின் இரண்டு பக்கமும் ரப்பர் ஆயில் சீல்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் இவை காய்ந்து இறுகிவிடுகின்றன. ஒரு பக்க சீல் போனால் வெளிக்காற்று புகுந்து இன்ஜின் தறிகெட்டு ஓடும், அல்லது ஓடவே ஓடாது. கிளட்ச் பக்க சீல் போனால் அங்குள்ள ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு, சைலன்சரிலிருந்து வெண்புகை மூட்டமாகக் கிளம்பும்.

வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எனவே உரிமையாளர் முதலில் பிளக்கை மாற்றுகிறார். பிறகு பாயிண்டை. பிறகு காயிலை. கார்புரேட்டரை நான்கு முறை கழற்றிச் சுத்தம் செய்கிறார். ஒரு நாள் இரண்டாவது உதையிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது. மறுநாள் நாற்பது முறை உதைத்தாலும் அசைவில்லை. கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம். நிரந்தரமாகக் கெட்டுப்போன வண்டியைவிட, சில நாள் ஓடிச் சில நாள் மக்கர் பண்ணுகிற வண்டிதான் மனிதனை அதிகம் வதைக்கிறது. கெட்டது எது என்று தெரிந்தால் சரிசெய்யலாம். தெரியாதபோது சந்தேகம் வண்டியைவிட்டுத் தன்மேலேயே திரும்புகிறது. ‘இது எனக்கு ஒத்துவராத வேலை’ என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

அடுத்த ஒழுக்கு, உதிரிப் பாகம். புல்லட் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. 1955-லிருந்து அந்தப் பெயர் இந்தியச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன ஊர்க் கடையில்கூட ஏதாவது கிடைக்கும். யெஸ்டிக்காரர் சென்னை புதுப்பேட்டை, தில்லி கரோல்பாக், கொல்கத்தா மல்லிக் பஜார் என்று அலைய வேண்டும். தேய்ந்த சிலிண்டரை போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஆனால் லேத்காரரிடம் சிலிண்டரைக் கொடுப்பதற்கு முன் பிஸ்டன் கைக்கு வந்தாக வேண்டும். பிஸ்டனுக்கு ஏற்றபடிதான் போரிங். முன்கூட்டியே கடைந்துவிட்டு, பிறகு அந்த அளவு பிஸ்டன் கிடைக்காமல் ஆறு மாதம் தேடினால் ஆர்வம் எங்கிருந்து மிஞ்சும்? கிடைக்கிற பாகமும் ஒரிஜினலா, ஏதோ பட்டறையில் அச்சுப் பார்த்துச் செய்ததா என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, பெட்ரோல். வண்டி நிற்கும்போது டாங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோல் காய்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் ஊசிமுனைத் துளைகளை அடைக்கிறது. 2025 வாக்கில் நாடெங்கும் பங்க்குகளில் பரவிவிட்ட, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சங்கடம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இரும்பு டாங்க்கின் அடியில் தண்ணீர் தங்கினால் துரு பிடிப்பது நிச்சயம். எப்போதாவது ஓடுகிற வண்டியில் பெட்ரோலை முழுக்க வடித்துவைப்பதே நல்லது.

காகிதப் போர்

இன்ஜினை வென்றவரை ஆர்.டி.ஓ. அலுவலகம் வரவேற்கிறது. 15 ஆண்டு ஆன வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை. 2022 ஏப்ரலில் மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல் என்றும் விதி வந்தது. இதில் ஒரு விசித்திரம்: வண்டியை நேரில் காட்டினால்தான் புதுப்பிக்க முடியும். பரணில் கிடக்கும் இன்ஜினை எப்படிக் காட்டுவது? வேலை இழுக்க இழுக்கத் தாமதக் கட்டணம் ஏறுகிறது. கட்டணம் ஏற ஏற வேலை செய்யும் மனம் இறங்குகிறது.

தில்லிப் பகுதியில் நிலைமை இன்னும் மோசமானது. 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றுவதைத் தவிர அன்று உரிமையாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஓர் ஆறுதலும் உண்டு. 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு ‘விண்டேஜ்’ பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண்பலகையில் ‘வி.ஏ.’ எழுத்துகள் இருக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று அப்போது நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி அலுவலகம் போகவும் பயன்படுத்த முடியாது. கணக்குப் பார்த்தால், மைசூரின் முதல் தலைமுறை ஜாவாக்களுக்குத்தான் இந்த வாசல் திறந்திருக்கிறது. முதல் ரோட்கிங்குகள்கூட 2028 வரை காத்திருக்க வேண்டும்.

குரங்கும் தேங்காயும்

மோட்டார் சைக்கிள் வேலையில் ஆர்வம் எப்படி வற்றுகிறது என்பதை ஒரு தத்துவ ஆராய்ச்சியாகவே செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சில காலம் தத்துவம் படித்தவர். 1968-ல் மகனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஹோண்டா வண்டியில் மினியாபொலிஸிலிருந்து மேற்குக் கடற்கரைவரை அவர் செய்த பயணம், ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்ற நூலாக 1974-ல் வந்தது. 121 பதிப்பாளர்கள் திருப்பியனுப்பிய கையெழுத்துப் பிரதி அது. பிர்சிக் 2017-ல் மறைந்தார். அவருடைய அந்த ஹோண்டா இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

பிர்சிக்கின் வாதம் எளிமையானது. வண்டி வேலையில் முதல் கருவி ஸ்பேனர் அல்ல, உற்சாகம். அது தீர்ந்துவிட்டால் மற்ற எல்லாக் கருவிகளும் இருந்தும் பயனில்லை. அது தானாகத் தீர்வதில்லை. குறிப்பிட்ட பொறிகளில் சிக்கித்தான் தீர்கிறது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு கீழே ஒரு பாகம் மிஞ்சிக் கிடப்பது, விட்டுவிட்டு வரும் கோளாறு, தவறான உதிரிப் பாகம் ஆகியவை வெளியிலிருந்து வரும் பொறிகள். பதற்றம், சலிப்பு, அவசரம், ‘எனக்குத் தெரியாததா’ என்ற அகந்தை ஆகியவை உள்ளே இருப்பவை.

உள்ளே இருப்பதில் மிக மோசமானதற்கு அவர் சொல்லும் உதாரணம் நமக்குப் பழக்கமானது: தென்னிந்தியக் குரங்குப் பொறி. தேங்காயைத் துளைத்து உள்ளே அரிசியைப் போட்டுக் கட்டிவைக்கிறார்கள். கை நுழையும், அரிசியைப் பற்றிய முஷ்டி வெளியே வராது. அரிசியை விட்டால் விடுதலை. குரங்கு விடுவதில்லை. அரிசி பெரிது என்று முன்பே முடிவுகட்டிவிட்ட மனம், நிலைமை மாறியதும் தன் கணக்கை மாற்றிக்கொள்வதில்லை.

யெஸ்டிக்காரரின் கையில் இருக்கும் அரிசி எது? பெரும்பாலும், ‘ஷோரூமிலிருந்து வந்தது போல’ என்ற கனவு. அந்தக் கனவோடு தொடங்குகிறவர் முதல் செலவைப் பளபளப்பில்தான் செய்கிறார். டாங்க்குக்குக் குரோமிய முலாம், அதன்மேல் பெயின்ட், தங்க நிறக் கோடு, புது ஸ்போக், புது சீட். பணமெல்லாம் அதில் போன பிறகு இன்ஜினைத் தொடுகிறார். கிராங்க் பேரிங் போயிருக்கிறது. இப்போது கையில் காசில்லை. புது பெயின்ட் கீறிவிடுமோ என்ற பயம் வேறு. தார்ப்பாய் வருகிறது.

திரும்பும் வழி

மீண்டு வந்தவர்கள் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான காரியம். முதலில் ஓடட்டும், பிறகு மினுங்கட்டும் என்பது அவர்கள் விதி. துருப்பிடித்த டாங்க்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சிறு பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு இன்ஜினை ஓடவைத்துப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு நிமிடம் ஓடினால் போதும். ஒரு வருடம் கிடைக்காத தெம்பு அந்தச் சத்தத்தில் கிடைக்கிறது.

இரண்டாவதாக, வேலையைச் சின்னதாக்குகிறார்கள். ‘வண்டியைச் சரிசெய்வது’ என்பது ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. எனவே அதை எந்த நாளிலும் தொடங்கவும் முடியாது. ‘இந்த ஞாயிறு பின் சக்கர பிரேக் ஷூ மட்டும்’ என்பது முடியும். மதியம் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டால் ஒரு திருப்தி. அந்தத் திருப்திதான் அடுத்த ஞாயிற்றுக்கான முதலீடு. முடியாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

மூன்றாவது, ஒழுங்கு. கழற்றும்போது பாகங்களைச் செய்தித்தாளின்மேல் கழற்றிய வரிசையிலேயே வைப்பதும், நோட்டில் எழுதிக்கொள்வதும் பிர்சிக் காலத்து வழி. இன்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வது அதைவிடச் சுலபம். ஒவ்வொரு போல்ட்டும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டிய பொட்டலத்தில் இருந்தால், இரண்டு வருடம் கழித்துத் திறந்தாலும் வேலை நின்ற இடத்திலிருந்து தொடரும். ஒரே ஜாடியில் இருநூறு போல்ட் கொட்டிக் கிடந்தால், திறந்த மாத்திரத்தில் மூடத் தோன்றும்.

மர்மக் கோளாறுக்கும் மருந்து அதேதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிளக்கையும் காயிலையும் கார்புரேட்டரையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. பல வருடம் நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் ஆயில் சீலை முதல் குற்றவாளியாகவே வைத்துக்கொள்ளலாம். விலை மலிவானது, மாற்றத்தான் உழைப்பு அதிகம். அதனால்தான் எல்லோரும் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

நான்காவது, துணை. மூடிய ஷட்டருக்குப் பின்னால் தனியாக ஒரு மனிதர் முட்டிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு தோல்வியும் இரட்டிப்பாகத் தெரிகிறது. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களின் பயன் ஊர்வலத்தில் மட்டும் இல்லை. தன் வண்டி செய்கிற அதே அழிச்சாட்டியத்தை இன்னொருவர் வண்டியும் செய்தது, அதற்கு அவர் கண்ட தீர்வு இது என்று அங்கேதான் தெரியவருகிறது. யாரோ ஒருவரிடம் உபரியாக இருக்கும் கிளட்ச் தட்டு இன்னொருவரின் இரண்டு வருடத் தேடலை முடித்துவைக்கிறது.

கையைத் திறப்பதும் ஒரு தீர்வுதான். எல்லோரும் எல்லா வண்டியையும் முடித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆர்வம் திரும்பவே போவதில்லை என்று தெரிந்தவர் செய்யக்கூடிய நல்ல காரியம், எல்லாப் பாகங்களையும் சீட்டு ஒட்டி, ஆர்.சி. புத்தகத்தோடு, பாடுபடத் தயாராக இருக்கும் இன்னொருவரிடம் ஒப்படைப்பது. அதைச் செய்யாமல் ‘அடுத்த வருடம்’ என்று பத்து வருடம் தள்ளினால், வீடு மாற்றும் நாளில் வண்டி காயலான் கடைக்குப் போகும்.

அவசரப்பட ஒரு காரணமும் இருக்கிறது. மைசூர் ஆலை ஓடிய காலத்தில் தொழில் கற்ற மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பேரிங் தேய்ந்திருக்கிறதா, பிஸ்டன் ஆடுகிறதா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் ஏறியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவருக்குத்தான் அது போய்ச் சேரும். சீல் மாற்றும் வேலைக்கு அப்படி ஒரு பெரியவரை ஒரு ஞாயிறு வீட்டுக்கு அழைப்பதைவிடப் பயனுள்ள செலவு யெஸ்டிக்காரருக்கு வேறு இல்லை. கிக்கரே கியராக மாறுவதைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகளும் கூடினால் இன்னும் நல்லது.